பாஸாவிலிருந்து வியன்னாவுக்குச் சைக்கிளில்: எட்டு நாளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

வரும் செப்டம்பரில் எட்டு நாள் விடுப்பு கிடைக்கிறது. நானும் கணவரும் டான்யூப் கரையோரமாக ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை சைக்கிளில் போக நினைக்கிறோம். மொத்தம் 320 கி.மீ. சொச்சம், எட்டால் வகுத்தால் நாளுக்கு 40. இருவருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. சைக்கிள் ஓட்டத் தெரியும், தினப் பழக்கம் இல்லை. நான் சைவம், ஒயின் தொடமாட்டேன். அவர் கொஞ்சம் குடிப்பார். இந்தக் கணக்கு சரிவருமா? வழியில் வரும் வாஹாவ் பள்ளத்தாக்கை எல்லாரும் ஒயின் நாடு என்கிறார்கள். குடிக்காதவளுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில், 9 பிப்ரவரி, இரவு

தூரம் சரி, வகுத்ததுதான் தப்பு. அந்த 320 கி.மீ.யும் ஒரே மாதிரி இல்லை.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். 2016-இல் அலுவலகத் தோழிகள் இருவரோடு ஐந்து நாளில் முடித்தேன். நாளுக்கு 65 கி.மீ. மெல்க்கில் காலை உணவு சாப்பிட்டுக் கிளம்பி, வாஹாவ் முழுவதையும் கடந்து மாலை மூன்று மணிக்குக் கிரெம்ஸில் இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா தொலைபேசியில் "அந்த இடம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். "அழகா இருந்துச்சு" என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

2019-இல் திருச்சியிலிருந்து அண்ணன் வந்தபோது ஸ்பிட்ஸ் என்ற ஊரில் மூன்று இரவு தங்கினோம். வாஹாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டதுதான்.

மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே சுமார் 35 கி.மீ. உள்ள துண்டுதான் வாஹாவ். உங்கள் எட்டு நாளில் மூன்றை அதற்குக் கொடுங்கள். அங்கே ஒரே அறையில் தங்கி, பாதி நேரம் சைக்கிளைப் பூட்டிவைத்துவிட்டு நடங்கள். மீதியை இப்படிச் சரிக்கட்டலாம்: பாஸாவிலிருந்து லின்ஸ் வரை சைக்கிள், லின்ஸிலிருந்து மெல்க் வரை ரயில். லின்ஸை ஒட்டித் தொழிற்சாலைகளும் சமவெளியும்தான். கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கும் ரயில்.

10 பிப்ரவரி

ஆற்றோடு போவதால் இறக்கம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஆற்று மட்டம் ஏறத்தாழ 130 மீட்டர்தான் இறங்குகிறது. 300 கி.மீ.யில் அந்த இறக்கம் காலுக்குத் தெரியாது. தெரிவது காற்று. பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளும். கிழக்குக் காற்று கிளம்பிய நாளில் 40 கி.மீ. ஓட்டினால் 60 ஓட்டின களைப்பு.

கரையில் கி.மீ. பலகைகள் வரும். அவை கடலிலிருந்து எண்ணப்பட்டவை. பாஸாவில் 2225-ஐ ஒட்டி இருக்கும், வியன்னாவில் 1929. எண் குறையக் குறைய முன்னேறுகிறீர்கள் என்று அர்த்தம்.

12 பிப்ரவரி

லின்ஸ் முதல் மெல்க் வரை ரயில் ஏறச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நாஜி வதைமுகாம் இருந்த மவுட்ஹவுசன் அந்தத் துண்டில்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயம்.

முதல் இரண்டு முறையும் அந்த ஊரை நான் நிற்காமல் கடந்தேன். விடுமுறையில் வதைமுகாமுக்கு ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். 2023-இல் இன்னும் இருவரோடு போனேன். ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தான ஏற்றம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். வழியில் வீடுகள், செர்ரி மரங்கள், துணி காயப்போட்ட கொடிகள். அதற்கு மேலே கருங்கல் மதில். 1938-இல் நாஜிகள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அங்கிருந்த கருங்கல் குவாரிக்காகத்தான். குவாரியிலிருந்து மேலே வரும் 186 படிகளில் கைதிகள் கல் சுமந்து ஏறினார்கள். இந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்து மீட்டது.

மதிலருகே நின்று பார்த்தால் வயல்களும் பண்ணை வீடுகளும் தெரிகின்றன. அந்த வீடுகளிலிருந்தும் இந்த மதில் தெரிந்திருக்கும். அன்று மாலை ஊருக்குள் இறங்கியபோது எங்கள் மூவரில் யாரும் பேசவில்லை. அரை நாள் ஒதுக்குங்கள். அன்றைக்கு வேறு திட்டம் வைக்காதீர்கள்.

ஆக, புதிய கணக்கு: நாலு நாளில் பாஸாவிலிருந்து மெல்க் வரை சைக்கிள், சுமார் 200 கி.மீ.; மூன்று நாள் வாஹாவ்; எட்டாம் நாள் கிரெம்ஸிலிருந்து ரயில். நாளுக்கு 50 வருகிறது. பழக்கம் இல்லாதவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

13 பிப்ரவரி

மின்சைக்கிள். "சமதரைதான், தேவையே இல்லை" என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு அப்போது 58 வயது, வலது முட்டியில் தேய்மானம். அவருக்கு மட்டும் ஒன்று வாடகைக்கு எடுத்தோம். பாதையில் இருவரும் சமமாகத்தான் ஓட்டினோம். வித்தியாசம் மாலையில் தெரிந்தது. நான் அறையில் சாய்ந்தேன். அவர் "வாம்மா, அந்தக் கோட்டை வரைக்கும் போயிட்டு வந்துரலாம்" என்றார். நாலு நாள் 50 கி.மீ. ஓட்டியபிறகும் நடக்கத் தெம்பு மிஞ்ச வேண்டும். அதற்காக எடுங்கள். வெறுமனே வேகமாகப் போக என்றால் வேண்டாம்.

13 பிப்ரவரி, மீண்டும்

பாஸாவில் சைக்கிளை எடுக்கும்போது கடைக்கு வெளியே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 2019-இல் எனக்குக் கொடுத்த வண்டியின் பின் பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தது. 30 கி.மீ. தள்ளி, ஒரு சரிவில்தான் அது தெரிந்தது. கடைக்காரரை அழைத்தால், நாளைக் காலையில்தான் ஆள் வரும் என்றார். அரை நாள் போச்சு.

பாஸாவில் இன்னொன்றும் பாருங்கள். டான்யூபும் இன் ஆறும் இல்ஸ் ஆறும் கூடும் ஊர் அது. நகர மன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அவ்வளவு வந்ததே இல்லை. அண்ணன் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று கையை உயர்த்திப் பார்த்தார், எட்டவில்லை. காவிரிக் கரையில் வளர்ந்தவர். ஆற்றின் மேல் அவருக்கு மரியாதை வந்த இடம் அது.

15 பிப்ரவரி

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். குடிக்காதவருக்கு வாஹாவில் என்ன இருக்கிறது?

சுவர்கள் இருக்கின்றன.

மலைச்சரிவு முழுக்கப் படி வெட்டி, ஒவ்வொரு படியையும் ஒரு கல்சுவர் தாங்குகிறது. சாந்து கிடையாது. கல்லின் மேல் கல், இடுக்கில் சின்னக் கல், அவ்வளவுதான். இடைக்காலத்தில் மடங்களின் காலத்தில் தொடங்கிய வேலை, இன்றும் முடியவில்லை. மழையில், பனியில் எங்காவது ஒரு சுவர் சரியும்; திரும்பக் கட்ட வேண்டும். மேலே இயந்திரம் ஏறாது. 2000-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தப் படிச்சரிவுகளும் ஒரு காரணம்.

2016-இல் இவை என் கண்ணில் படவே இல்லை. "பச்சையாக இருந்தது" என்று மட்டும் பட்டது. 2019-இல் பார்க்க வைத்தவர் அண்ணன். முப்பது வருடம் கட்டட வேலை எடுத்துச் செய்தவர். ஸ்பிட்ஸுக்கு மேலே 'சிவப்பு வாசல்' என்று ஒரு பழைய மதில் வாசல் இருக்கிறது, ஊரிலிருந்து அரை மணி நடை. பாதி வழியில் அவரைக் காணோம். திரும்பிப் பார்த்தால் ஒரு சுவரில் காது வைக்காத குறையாக நிற்கிறார்.

"ஏம்மா, இதுல சாந்தே இல்ல பாத்தியா? நம்ம ஊர்ல கிணத்துக்குள்ள கட்டுற கல்லுக்கட்டு மாதிரியே இருக்கு."

"சாந்து போட்டா இன்னும் உறுதியா நிக்காதா அண்ணே?"

"நிக்காது. சாந்து போட்டா மழைத்தண்ணி உள்ளயே தேங்கும். தேங்கினா மண்ணு கனத்துச் சுவத்தைத் தள்ளிரும். இது அப்படியே கசிஞ்சு வெளிய வந்துரும். பாரு, சுவரும் நேரா நிக்கல, மலைப்பக்கம் சாஞ்சிருக்கு. கட்டினவனுக்கு மண்ணோட பாரம் தெரிஞ்சிருக்கு."

அதற்குப்பிறகு அந்த மூன்று நாளும் நான் பார்த்த மலை வேறு. எந்தச் சுவர் பழையது, எது போன வருடம் சரிந்து கட்டியது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கும் பிடிபட ஆரம்பித்தது. பழைய கல்லில் பாசி இருக்கும், புதிய கல் வெளிறித் தெரியும். பகல் வெயிலில் சூடான கல் இருட்டின பிறகும் கொடிக்குச் சூடு கொடுக்கும். ஏழு மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் ஆறுகிற சூடு. இடுக்குகளில் பச்சைப் பல்லிகள். இங்கத்திய திராட்சைக்குக் கிழக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பும், வடக்கே காட்டு மேட்டிலிருந்து இரவில் இறங்கும் குளிரும் சேர்ந்துதான் மணம் தருகின்றன என்கிறார்கள். இருட்டியதும் கழுத்தில் ஒரு பக்கம் குளிரும் இன்னொரு பக்கம் சூடும் படும்போது அது புரிந்துவிடுகிறது. ஒரு சொட்டும் குடிக்க வேண்டாம்.

15 பிப்ரவரி, ஒரு சேர்க்கை

நடைக்கு இன்னும் இரண்டு. டூர்ன்ஷ்டைன் கோட்டை இடிபாடு: இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிலுவைப்போர் முடித்துத் திரும்பும் வழியில் 1192-இல் பிடித்து அடைத்தார்கள். கூட்டம் அதிகம், காலையிலேயே ஏறிவிடுங்கள். அதற்கு மேலே பாறைப்பாதை பிடித்து 564 மீட்டரில் உள்ள ஷ்டார்ஹெம்பர்க் காவல்கோபுரம் வரை போகலாம். எதிர்க்கரையில் ஆற்றுக்கு 300 மீட்டர் உயரத்தில் ஆக்ஸ்டைன் கோட்டை. அங்கே ஏற்றம் கடுமை, முட்டி சரியில்லாதவர்கள் யோசிக்கவும். இரு கரைகளையும் சுற்றிவரும் உலகப் பாரம்பரிய நடைபாதை 180 கி.மீ., 14 கட்டங்கள். அதில் ஒரு கட்டம் நடந்தாலே போதும்.

17 பிப்ரவரி

சாப்பாடு. சைவத்துக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ரொட்டிக்குத் தடவ விதவிதமாகக் கிண்ணத்தில் வரும். ஆரஞ்சு நிறத்தில் இருப்பது லிப்டாவர்: புளிப்பான தயிர்க்கட்டியில் மிளகாய்த்தூள் போன்ற பாப்ரிக்காவும் வெங்காயமும் சேர்த்தது. தைரியமாகச் சாப்பிடலாம். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருப்பதைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அது பன்றிக்கொழுப்பு, பெயர் ஷ்மால்ஸ். பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற வேகவைத்த மாவுத்துண்டுகளில் சில இடங்களில் ஷ்பெக் என்னும் உப்பிறைச்சித் துண்டுகள் கலந்திருக்கும். "ஓனே ஷ்பெக்" என்று சொன்னால் போதும். ரொட்டி உருண்டை சைவம்தான், மிதக்கும் சாறு மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம்.

வாஹாவின் பெருமை ஆப்ரிகாட், அங்கே மரிலே என்பார்கள். முழுப் பழத்தைத் தயிர்க்கட்டி மாவிலோ உருளைக்கிழங்கு மாவிலோ பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். பெயர் மரிலன்க்னோடல். கொட்டை இருந்த குழியில் சிலர் ஒரு சர்க்கரைக் கட்டியை வைப்பார்கள். கடித்ததும் புளிப்பும் இனிப்பும் சூடாக வழியும். பூரணக் கொழுக்கட்டையை நினைக்காமல் என்னால் சாப்பிட முடிந்ததில்லை. ஆனால் பழம் பறிப்பது ஜூலையில். நீங்கள் செப்டம்பரில் போவதால் பிளம் பழம் வைத்ததைக் கேளுங்கள். அதுவும் மோசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலையே ரொட்டியும் பழமும் வாங்கிவையுங்கள். அண்ணன் பருப்புப்பொடி ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். வேகவைத்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் அந்தப் பொடியும். இரண்டு இரவு அதுதான் சாப்பாடு, குறையொன்றும் இல்லை.

20 பிப்ரவரி

உங்கள் கணவருக்காக இது. திராட்சைத் தோட்டக்காரர் தன் வீட்டு முற்றத்திலேயே தன் ஒயினை விற்கும் இடத்துக்கு ஹொய்ரிகர் என்று பெயர். 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசேப் கொடுத்த அனுமதியிலிருந்து வருகிற வழக்கம். வருடம் முழுக்கத் திறந்திருக்காது. ஒருவர் மூடினால் இன்னொருவர் திறப்பார். வாசலில் கம்பில் தழைக்கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். ஊர்ப் பலகையில் யார் எந்த வாரம் என்று ஒட்டியிருப்பார்கள்.

வாஹாவ் வெள்ளை ஒயினில் மூன்று தரம். லேசானது ஷ்டைன்ஃபெடர், 11.5% வரை ஆல்கஹால்; பாறையிடுக்கில் முளைக்கும் இறகுப்புல்லின் பெயர். நடுத்தரம் ஃபெடர்ஷ்பீல். கனமானது ஸ்மராக்ட், 12.5%-க்குக் குறையாதது. அந்தச் சுவர் இடுக்குப் பச்சைப் பல்லி இருக்கிறதே, அதன் பெயர்தான் ஸ்மராக்ட். சுவரைப் பார்த்துவிட்டுப் புட்டியின் அட்டையைப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும். க்ரூனர் வெல்ட்லினர் என்ற திராட்சையில் மிளகு வாசம் உண்டு. மிளகு ரசம் சாப்பிட்ட நாக்குக்குச் சட்டென்று தெரியும்.

ஆஸ்திரிய ஒயினில் விஷம் கலந்தார்களே என்று ஒருவர் எழுதியிருந்தார். 1985-இல் நடந்தது. இனிப்பும் கனமும் காட்டச் சிலர் டைஎத்திலீன் கிளைகால் கலந்தது அம்பலமாகி, ஏற்றுமதி சரிந்தது. அதன் பிறகு வந்த சட்டம் மிகக் கடுமையானது. நாற்பது வருடம் ஆகிவிட்டது.

உங்களுக்கு அதே தோட்டத்துத் திராட்சைச்சாறு கிடைக்கும். செப்டம்பரில் ஷ்டுர்ம் என்று கலங்கலாக ஒன்றும் விற்பார்கள். இனிப்பாகச் சாறு மாதிரியே இருக்கும், ஆனால் பாதி நொதித்தது, போதை உண்டு. உஷார்.

சைக்கிளுக்கும் சட்டம் உண்டு: ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.8 கிராம்தான் வரம்பு. குடிக்கிற மாலை, சைக்கிள் அறை வாசலில் பூட்டியே இருக்கட்டும். ஒரே ஊரில் மூன்று இரவு என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

1 மார்ச்

படகு பற்றி எழுத மறந்தேன். ஸ்பிட்ஸிலிருந்து எதிர்க்கரை ஆர்ன்ஸ்டோர்ஃபுக்குப் போகும் படகுக்கு இயந்திரம் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி. அதில் படகு கட்டப்பட்டிருக்கும். படகோட்டி சுக்கானைச் சற்றுத் திருப்புவார். நீரோட்டம் சாய்வாக மோதிப் படகை அக்கரைக்குத் தள்ளிவிடும். சத்தமே இல்லை. கார்கூட ஏறுகிறது. அண்ணன் அன்று நாலு தடவை இக்கரைக்கும் அக்கரைக்கும் போனார். வைசன்கிர்ஹனிலும் இப்படி ஒன்று உண்டு. வெள்ளம் ஏறினால் ஓடாது.

வடகரையில் பேர்பெற்ற ஊர்கள், தென்கரையில் ஆப்ரிகாட் தோப்புகளும் அமைதியும். வடகரையில் தங்கி, தென்கரையில் ஓட்டுங்கள்.

14 மார்ச்

கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு ரயில் என்றதற்கு ஸ்வென்டன்டோர்ஃப் அணுமின் நிலையத்தை விடலாமா என்று சண்டைக்கு வந்திருக்கிறார் ஒருவர். தென்கரைப் பாதை அதை ஒட்டித்தான் போகிறது. கட்டி முடித்தார்கள், இயக்கவே இல்லை. 1978 நவம்பர் 5 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு; வேண்டாம் என்றவர்கள் 50.5%. அத்தனை சின்ன வித்தியாசத்தில் தோற்ற ஒன்றை அந்த நாடு உண்மையிலேயே கைவிட்டது. நான் அதன் முன்னே நின்று வெகுநேரம் யோசித்திருக்கிறேன். ஒன்பது நாள் இருந்தால் நானும் ஓட்டத்தான் சொல்வேன். எட்டு நாள்தான், ஆகவே ரயில். வாஹாவிலிருந்து ஒரு நாளை எடுத்து அங்கே போட மாட்டேன்.

2 ஏப்ரல்

ஷ்லோகன் வளைவு. பாஸாவிலிருந்து முதல் நாளே வந்துவிடும், அதனால் களைப்பில் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். கெட்டிப் பாறையில் முட்டி ஆறு வந்த திசைக்கே திரும்பிப் போகிற இடம். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அரை மணி காட்டுப்பாதையில் ஏற வேண்டும். ஏறுங்கள்.

28 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் பயணம் முடித்துத் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். இரண்டாம் நாள் முழுக்க மழை, மவுட்ஹவுசனில் மூன்று மணி நேரம், வைசன்கிர்ஹனில் மூன்று இரவு. மூன்றாம் நாள் சைக்கிளை வெளியே எடுக்கவே இல்லையாம். ஒரு தோட்டத்தில் சரிந்த சுவரை இரண்டு பேர் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்ததை இவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லையும் மூன்று நான்கு தடவை திருப்பிப் பார்த்துத்தான் வைத்தார்களாம். எனக்கு அந்தக் காட்சி மூன்று முறையிலும் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு அப்படியே அனுப்பிவைத்தேன்.

'சிவப்பு வாசல்' அரை மணி என்று எழுதியிருந்தேன். தங்களுக்கு ஒன்றே கால் மணி ஆனது, சுவர்களைப் பார்த்து நின்றதால் என்கிறார். அப்படியானால் எங்களுக்கும் அவ்வளவு ஆகியிருக்கும், நான் கடிகாரம் பார்க்கவில்லை. மேலே அரை மணி என்று இருப்பதை ஒன்றே கால் மணி என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.